இடுப்பில் இல்லாத குடம்

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நான் ஓடுவதைத் தோழி ஒருத்தி கைப்பேசியில் எடுத்து, வேகத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டிய அந்தக் காலைப்பொழுது வரையில், என் இடது முழங்காலின் வெளிப்புறத்தில் ஆறாவது கிலோமீட்டருக்கு மேல் குத்தத் தொடங்கும் வலிக்குக் காரணம் காலில்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவளும் என் பாதம் தரையில் எப்படி விழுகிறது என்பதைக் காட்டத்தான் அந்தக் காணொளியை எடுத்தாள். என் கண் பாதத்துக்குப் போகவில்லை. வலது கை இயல்பாக முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருக்க, இடது கை மட்டும் முழங்கையில் மடங்கி, விலாவிலிருந்து சற்று விலகி, மணிக்கட்டு உள்நோக்கி வளைந்து, இடுப்புக்கு மேலே அப்படியே நின்றிருந்தது. "கையில சுளுக்கா?" என்று அவள் கேட்டாள். எனக்கோ அந்தக் கையை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அது குடம் பிடிக்கும் கை.

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர் ஒன்றில் வளர்ந்தவள் நான். நெல் வயல்களுக்குக் குறைவில்லாமல் தண்ணீர் ஓடிய ஊரில் குடிதண்ணீருக்கு மட்டும் தெருமுனைக் குழாய்க்குப் போக வேண்டியிருந்தது என்பது இன்றைக்கு நினைத்தாலும் விசித்திரமாகத்தான் இருக்கிறது. பத்து வயதிலிருந்து கல்லூரி விடுதிக்குப் போகும் வரையில் காலையில் ஐந்து குடம், மாலையில் ஐந்து குடம் என்பது என் கணக்கு. 15 லிட்டர் பிடிக்கும் குடம் நிறைந்தால் 15 கிலோ. அப்போது என் எடை அதைப்போல் இரண்டு மடங்கை எட்டியிருக்குமா என்பதே சந்தேகம். வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் குடத்தை இடது இடுப்பில்தான் வைப்பார்கள், ஏனென்றால் வாசற்படலைத் திறக்கவும் நாயை விரட்டவும் வலது கை வேண்டும். தண்ணீர் தளும்பாமல் இருக்க அடியைச் சுருக்கி, உடம்பை வலப்பக்கம் சாய்த்து, தோள்களைத் திருப்பாமல் நடக்க வேண்டும். யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. பாவாடை நனைந்து திட்டு வாங்கும்போது உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிறது.

குடம் இல்லாத நேரத்திலும் கை விடுதலை பெற்றுவிடவில்லை. "கைய வீசிட்டு நடக்காத கண்ணு, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க" என்பது என் அமுச்சி (பாட்டி) ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது சொன்ன வாக்கியம். தாவணி வந்த பிறகு அதன் முனையைப் பிடித்துக்கொள்ளவும், பள்ளிக்குப் போகும்போது புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொள்ளவும் அந்தக் கை பயன்பட்டது. (ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழா அணிவகுப்பில் மட்டும், தோள் உயரத்துக்குக் கையை வீசவில்லையென்று உடற்பயிற்சி ஆசிரியை எங்களைத் திட்டுவார். மறுநாள் காலை கைகள் மறுபடியும் மார்புக்குத் திரும்பிவிடும்.) என் அண்ணனுக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் இல்லை, அவன் வரப்பில் ஓடினான், வாய்க்காலில் குதித்தான், கைகளை எப்படி வேண்டுமானாலும் வீசினான். முப்பத்தெட்டு வயதில் நான் ஓடத் தொடங்கியபோது, இவ்வளவு காலமும் ஓடாமல் இருந்த ஓர் உடம்பை ஓட வைக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில், வேறொன்றுக்காக மிகக் கவனமாகப் பழக்கப்படுத்தப்பட்ட உடம்பை அல்லவா ஓட வைத்திருக்கிறேன்.

கை வீசுவது ஓட்டத்துக்கு அழகு சேர்க்கும் விஷயம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் வேலை வேறு. வலது கால் முன்னே பாயும்போது இடுப்பு இடப்பக்கமாகத் திரும்புகிறது. அந்தச் சுழற்சியை ஈடுகட்ட இடது கையும் தோளும் எதிர்த்திசையில் வர வேண்டும். அடுத்த அடியில் இதுவே தலைகீழாக நடக்கிறது. இந்த எதிரெடை இல்லையென்றால் மேலுடம்பு முழுவதும் திருகிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். அமெரிக்காவில் அரெல்லானோ, கிராம் என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஓடுபவர்களின் கைகளை வெவ்வேறு விதமாகக் கட்டுப்படுத்திச் செலவாகும் ஆற்றலை அளந்திருக்கிறார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினால் வழக்கத்தைவிட 3 விழுக்காடும், மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டால் 9 விழுக்காடும், தலைமேல் வைத்துக்கொண்டால் 13 விழுக்காடும் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. மார்புக்குக் குறுக்கே கை என்றதும் எனக்குப் புத்தகம் அணைத்த அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. அடக்கம் என்று எங்களுக்குக் கற்பித்த நிலைக்கு மூச்சுக்கணக்கில் ஒரு விலை இருந்திருக்கிறது.

இரண்டு கைகளையும் கட்டினால் நடப்பது அது. ஒரு கை வீசி மறு கை நின்றால் செலவு மட்டுமல்ல, ஒழுங்கும் கெடுகிறது. என் காணொளியில் வலது கை தன் பங்கையும் இடது கையின் பங்கையும் சேர்த்துச் செய்ய முயன்று மார்பின் நடுக்கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. இடது பாதம், கயிற்றின்மேல் நடப்பவரைப் போல, உடலின் நடுக்கோட்டில் விழுந்துகொண்டிருந்தது. கால்கள் அப்படிக் குறுகி விழும்போது இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி முழங்காலுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் தடித்த பட்டை அதிகமாக இழுபடுகிறது. வலி இருந்த இடம் மிகச் சரியாக அதுதான்.

இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போனபோது அவர் என்னை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் நிற்கையில் இடுப்பு மட்டமாக இருந்தது. இடது காலில் நின்றவுடன் வலப்பக்க இடுப்பு தொங்கிவிட்டது. இடது புட்டத்தின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருக்கிறது என்றார். குடத்தை வைத்து யோசித்தால் இது பொருந்தி வருகிறது. இடது இடுப்பில் 15 கிலோவை வைத்துக்கொண்டு வலது காலில் நிற்கும் நொடியில், அந்தச் சுமை நிற்கும் காலுக்கு எதிர்ப்பக்கத்தில் தொங்குவதால் வலது புட்டத் தசை மிகக் கடுமையாக உழைத்தாக வேண்டும். இடது காலில் நிற்கும் நொடியிலோ சுமையே எதிரெடையாக நின்று இடது தசைக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறது. எட்டு ஆண்டுகள், ஒரு நாளைக்குப் பத்து நடை. அதனால் மட்டும்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பிறகு பதினைந்து ஆண்டுகள் அலுவலக நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்ததற்கும் பங்கு இருக்கும்.

தலைச்சுமையாக இருந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்களைப் பற்றி 1986இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் தங்கள் எடையில் 20 விழுக்காடு வரை சுமந்துகொண்டு நடந்தாலும் வெறுங்கையோடு நடப்பதைவிடக் கூடுதல் ஆற்றல் செலவாகவில்லை என்று காட்டியது. லுவோ பெண்கள் தலைமேல் சுமப்பவர்கள். கிகுயு பெண்கள் நெற்றியில் பட்டை கட்டி முதுகில் சுமப்பவர்கள். இரண்டிலும் சுமை உடம்பின் நடுவே நிற்கிறது. எங்கள் ஊரிலும் சோளத்தட்டும் எருக்கூடையும் சும்மாடு வைத்துத் தலையில்தான் போகும். தண்ணீர்க் குடம் மட்டும் ஏன் இடுப்புக்கு வந்தது என்று அம்மாவைக் கேட்டேன். "தலையில வெச்சா தெருவுல யாருகூடயும் பேச முடியாதல்ல" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இனிப் பாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஓட்டத்தைப் பற்றிய பேச்சில் முக்கால் பங்கு பாதத்தைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. முதல் ஷூ வாங்கப் போன கடையில், ஓடும் பட்டையின்மேல் என்னை ஓட வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க குதிகாலை ஊன்றி ஓடறீங்க, அது தப்புங்க" என்று சொன்ன பையன், முன்பாதத்தால் ஊன்றப் பழகுங்கள் என்று அதற்கேற்ற மெல்லிய ஷூ ஒன்றையும் எடுத்து நீட்டினான். பன்னிரண்டு வயது வரைக்கும் பள்ளிக்குத் தவிர வேறெங்கும் செருப்புப் போடாமல் திரிந்தவளுக்கு இது அவமானமாகக்கூட இருந்தது. வெறுங்காலில் வளர்ந்தவர்கள் முன்பாதத்தால் இறங்குவார்கள் என்று நானும் எங்கோ படித்திருந்தேன்.

அந்த எண்ணம் பரவியதற்குக் காரணம் டேனியல் லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு. கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றிப் பிறகு குதிகாலை இறக்குகிறார்கள் என்றும், அப்படி இறங்கும்போது, குதிகால் தரையில் மோதுகையில் எழும் அந்தத் திடீர் அதிர்ச்சி அனேகமாக இல்லாமல் போகிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். 2013இல் அதே கென்யாவின் வடகோடியில், தாசனாச் என்ற கால்நடை மேய்க்கும் மக்களிடையே வேறொரு குழு அளந்து பார்த்தது. அவர்களும் வாழ்நாள் முழுவதும் வெறுங்காலர்கள்தாம். தங்களுக்கு வசதியான நெடுந்தூர வேகத்தில் ஓடியபோது அவர்களில் 72 விழுக்காட்டினர் குதிகாலைத்தான் முதலில் ஊன்றினார்கள். வேகம் கூடக்கூடத்தான் நடுப்பாதத்துக்கு மாறினார்கள். முதல் கூட்டத்தினர் நாள்தோறும் வேகமாக நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்கள், இரண்டாம் கூட்டத்தினருக்கு அத்தகைய பழக்கம் இல்லை. ஒரே நாடு, ஒரே வெறுங்கால், ஆனால் வாழ்க்கை முறை வேறு, வேகம் வேறு, தரை வேறு.

ஷூ போட்ட உயர்தர வீரர்களின் கதையும் அந்தப் பையன் சொன்னதற்கு ஒத்துப்போகவில்லை. 2004இல் ஜப்பானின் சப்போரோ அரை மாரத்தானில், 15ஆவது கிலோமீட்டரில் நிழற்படக் கருவி வைத்துப் பார்த்தபோது, நான்கில் மூன்று பேர் குதிகாலால்தான் இறங்கியிருக்கிறார்கள். வெறுங்காலுக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் வென்றார். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு, முன்னதைவிட மூன்று நிமிடம் குறைவான நேரத்தில் வென்றார். முன்பாதத்தில் இறங்கினால் முழங்காலின் சுமை குறைகிறது என்பது மெய். ஆனால் அந்தச் சுமை காற்றில் கரைந்துவிடுவதில்லை, கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் இடம் மாறுகிறது. பையன் பேச்சைக் கேட்டு நான் முன்பாதத்தில் ஓடிய மூன்று வாரங்களில் முழங்கால் வலி அப்படியே இருக்க, காலையில் எழுந்ததும் மாடிப்படி இறங்க முடியாத அளவுக்குக் கெண்டைக்கால் இறுகிப்போனது மட்டுமே மிச்சம்.

ஆனால் செருப்பில்லாத பிள்ளைப்பருவம் வீண்போகவில்லை. மணிப்பாலைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்ற எலும்பியல் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட முடிவு, நம் பக்கத்து ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருந்தது. அதிலும் விரல்களை மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அதிகமாகவும், திறந்த செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவாகவும் காணப்பட்டது. உள்ளங்கால் வளைவு ஓட்டத்தில் வில்லைப் போல அமுங்கி, ஒவ்வோர் அடியிலும் வாங்கிய விசையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் உறுப்பு. நெருஞ்சி முள் அடர்ந்த காட்டில் விரல்களைப் பரப்பி, எங்கே மிதிப்பது என்று தேடித் தேடி நடந்த கால்களுக்கு அந்த வில் நன்றாக அமைந்துவிடுகிறது போலும். காலைப் பார்த்து அந்த இயன்முறை மருத்துவர் பாராட்டிய ஒரே உறுப்பு என் உள்ளங்கால்தான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு நடந்துபோகும் எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) கூட்டத்தில் நானும் இரண்டு முறை சேர்ந்து நடந்திருக்கிறேன். தாராபுரம் சாலையில் முன்னே போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே நடப்பதைத் தவிர அந்த மூன்று நாளும் வேறு வேலை இல்லை. அத்தனை பேரும் குதிகாலைத்தான் முதலில் வைத்தார்கள். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தால் நடந்தால் 53 விழுக்காடு கூடுதலாக ஆற்றல் செலவாகிறது என்றும், ஓடும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது என்றும் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2010இல் அளந்து சொன்னதைப் படித்தபோது அந்தக் கால்கள்தாம் நினைவுக்கு வந்தன. பகல் பன்னிரண்டு மணிக்குத் தார் கொதிக்கத் தொடங்கியதும் அதே மனிதர்கள் குதிகாலை மறந்து, அடிகளைச் சுருக்கி, பாதம் தரையில் தங்காதபடி விறுவிறுவென்று சாலையோர மண்ணுக்கு ஓடினார்கள். பண்ணாரியில் குண்டம் இறங்குகிறவர்களின் காலும் அப்படித்தான் போகிறது. எது சரியான முறை என்று கேட்டிருந்தால் அப்பாரு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

கணுக்காலைப் பற்றி ஒரு சொல். அமுச்சி எண்பது வயதிலும் குதிகால் தரையில் பதியக் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு மூட்டை கடலைக்காயை உரித்து முடிப்பார். என்னோடு ஓடுகிறவர்களில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த இளையவர்கள் சிலர் அப்படி உட்கார முயன்றால் பின்னால் சாய்ந்து விழுகிறார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பாதத்துக்கு மேலாக முன்னே சாயும் அந்த வீச்சு, ஓடும்போது உடம்பு ஊன்றிய காலைக் கடந்து போவதற்கும் வேண்டும். அது குறைந்தால் குதிகால் முன்னதாகவே தரையை விட்டு எழும்பிக் கெண்டைத் தசையின் பாரத்தைக் கூட்டுகிறது. காலங்காலமாகக் குத்தவைத்து வாழ்ந்தவர்களின் கணுக்கால் எலும்பிலேயே அதற்கென எலும்போடு எலும்பு படும் ஒரு சிறு பரப்பு உண்டாகிவிடுவதைத் தொல்மானிடவியலார் அகழ்ந்தெடுத்த எலும்புகளில் பார்க்கிறார்கள்.

எனக்கு வலியைக் குறைத்தது பாதத்தை மாற்றியதல்ல. இடது புட்டத்துக்கான பயிற்சியும், கையை அவிழ்த்துவிட்டதும், அடிகளை நெருக்கியதுமே குறைத்தன. நிமிடத்துக்கு 158 அடிகள் வைத்துக்கொண்டிருந்தேன். அதாவது ஒவ்வோர் அடியையும் தேவைக்கு மேல் முன்னே நீட்டி, காலைத் தடைக்கட்டை போல ஊன்றிக்கொண்டிருந்தேன். அதே வேகத்தில் அடி எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினாலே முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை கணிசமாகக் குறைகிறது என்று 2011இல் விஸ்கான்சினில் செய்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எல்லோரும் மந்திரம் போலச் சொல்லும் 180 என்ற எண், பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் உட்கார்ந்து வீரர்களின் அடிகளை எண்ணியதிலிருந்து வந்தது. அவர்கள் ஒலிம்பிக் வேகத்தில் ஓடியவர்கள். என் வேகத்துக்கு 168 போதுமாக இருக்கிறது. (அதே ஒலிம்பிக்கில்தான் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 வினாடியில் வந்தும் நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தார். அந்தத் தேசியச் சாதனையை 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் சமன்செய்து, பிறகு வெண்கலமும் வென்றவர் எங்கள் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ். அவருடைய ஓட்டத்தைப் பார்க்கும்போது நான் கால்களைப் பார்ப்பதே இல்லை. அந்தக் கைகளை எங்கள் அமுச்சி பார்த்திருக்க வேண்டும்.)

168ஐ உடம்பில் ஏற்றிக்கொள்ளத் தாளக்கருவிச் செயலி ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தேன், பைத்தியம் பிடித்ததுதான் மிச்சம். கைகொடுத்தது கும்மி. கும்மிக் கலைஞர் தேக்கம்பட்டி பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்த வள்ளி ஒயில் கும்மியை இப்போது கொங்குப் பக்கம் ஊருக்கு ஊர் பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள். நானும் ஒரு மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை போய் ஆடினேன். பாட்டு முடுக்கத்தில் ஏறும்போது யாரும் அடியை நீட்டுவதில்லை, நீட்டினால் முன்னே ஆடுகிறவரின் குதிகாலை மிதித்துவிடுவோம். அடிகள் நெருங்குகின்றன, பாதம் உடம்புக்கு நேர்கீழே விழுகிறது, கைகள் இரண்டும் சமமாக வேலை செய்கின்றன. ஊர்க்கண் முன்னால் கையை முழுதாக வீசலாம் என்று பெண்ணுக்கு அனுமதி இருந்த ஓரிடமும் அதுதான் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் உறைத்தது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, விடிகாலையில் வாய்க்கால் கரையில் ஓடிவிட்டுத் திரும்புகையில், எதிரே பால் ஊற்றிவிட்டு வந்த அம்மா வெறுங்கையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். வீட்டுக்குள் குழாய் வந்து இருபது ஆண்டுகளாகிறது. அவருடைய இடது கை இடுப்புக்கு மேலே மடங்கி நின்றிருந்தது. சொன்னேன். குனிந்து தன் கையைப் பார்த்து, கீழே தொங்கவிட்டு, நாலடி நடந்து பார்த்துவிட்டு, "என்னமோ கழட்டி வெச்ச மாதிரி இருக்குது கண்ணு" என்றார். வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அது மறுபடியும் மேலே ஏறிவிட்டது. என்னுடையதும் பதினான்காவது கிலோமீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. இப்போதெல்லாம் நீண்ட ஓட்டங்களில் வீட்டுச் சாவியை இடது கைக்குள் வைத்துக்கொண்டு, அது குலுங்கும் சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டுக்கொண்டே ஓடுகிறேன்.